கோட்டிங் போய்விட்டதா, கண்ணாடி மஞ்சளாகிவிட்டதா?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் சித்தப்பா ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவருடைய சூப்பர்-டக்குமார் 50 எம்எம் எஃப்/1.4 லென்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. அடாப்டர் போட்டு, மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக் கல்யாணங்களுக்கு எடுக்கிறேன். மேடைக்குப் பின்னால் எல்இடி அலங்காரம் இருந்தால் படம் பால் ஊற்றியது போல வெளுத்துவிடுகிறது. கறுப்பு கறுப்பாக வருவதில்லை. விளக்கு இருக்கும் இடத்துக்கு எதிர் மூலையில் பச்சையாக ஒரு புள்ளி வேறு விழுகிறது. சேலைகளின் நிறமும் மஞ்சளடிக்கிறது, என் புது லென்ஸில் அப்படி இல்லை. சித்தப்பா மாட்டிய யூவி ஃபில்டர் இன்னும் முன்னால் அப்படியே இருக்கிறது. கடையில் காட்டினேன். "கோட்டிங் போயிடுச்சு, பாலிஷ் போட்டு புதுசா கோட்டிங் அடிச்சுத் தரோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?
— காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, முதலில் ஒன்று. அந்த லென்ஸைப் பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டு வந்திருந்தால் கூட, போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் ஒரே புகாராக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன: பால் ஊற்றிய வெளுப்பு, எதிர் மூலைப் புள்ளி, மஞ்சள். வெளுப்புக்கும் புள்ளிக்கும் கோட்டிங்கோடு சம்பந்தம் உண்டு, ஆனால் கோட்டிங் மட்டும் காரணமாக இருக்காது. மஞ்சளுக்குக் கோட்டிங்கோடு அநேகமாகச் சம்பந்தமே இல்லை. லென்ஸ் ரிப்பேர் மேஜையில் நான் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் "கோட்டிங் போயிடுச்சு" என்று சொல்லிக் கொண்டுவந்த லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் கோட்டிங் நன்றாகவே இருந்தது. பிரச்சினை வேறு எங்கோ இருந்தது.

கோட்டிங், அதாவது கண்ணாடி மேல் படிய வைத்த மெல்லிய படலம், என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் என்ன செய்யவில்லை என்பது புரியும். வெறும் கண்ணாடிப் பரப்பில் ஒளி விழுந்தால் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். கனமான, ஒளியை அதிகம் வளைக்கும் கண்ணாடியாக இருந்தால் 7, 8 சதவீதம் வரை போகும். உங்கள் டக்குமாரில் ஏழு கண்ணாடிகள். அதில் இரண்டை ஒட்டியிருப்பார்கள். அது போக, காற்றைத் தொடும் பரப்புகள் 12. கோட்டிங்கே இல்லாமல், பரப்புக்குச் சராசரியாக 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே போன ஒளியில் 54 சதவீதம்தான் மறுபக்கம் வந்து சேரும். இன்றைய ஜூம் லென்ஸில் 30 பரப்புகள் சாதாரணம். அதில் இதே கணக்கைப் போட்டால் 21 சதவீதம்தான் தேறும். கோட்டிங் இல்லாத உலகத்தில் ஜூம் லென்ஸ் என்ற பொருளே பிழைத்திருக்காது.

போன ஒளி போனால் பரவாயில்லை, எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொள்ளலாம். தொல்லை அதுவல்ல. திரும்பிய ஒளி முன்னால் இருக்கும் இன்னொரு பரப்பில் பட்டு மறுபடியும் சென்சார் பக்கம் திரும்பும். 12 பரப்புகளில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் இப்படி ஒரு ஜோடி. மொத்தம் 66 ஜோடிகள். ஒவ்வொன்றும் விளக்கின் ஒரு போலிப் பிம்பத்தை எங்கோ கொண்டுபோய் வைக்கும். சில ஜோடிகளில் அது கூர்மையாக விழும், அதைத்தான் கோஸ்ட் என்கிறோம். பலவற்றில் படம் முழுக்கப் பரவிவிடும், அதுதான் உங்கள் "பால்".

கோட்டிங்கின் உண்மையான பலத்தைப் பார்க்க இந்த இரட்டைத் திரும்பலைப் பாருங்கள். வெறும் கண்ணாடியில் 5 சதவீதத்தில் 5 சதவீதம், அதாவது 0.25 சதவீதம். உங்கள் லென்ஸில் இருப்பது போல ஒற்றை அடுக்குக் கோட்டிங் இருந்து ஒரு பரப்பில் 1.5 சதவீதம் திரும்பினால் 0.02 சதவீதத்துக்குச் சற்று மேல். பல அடுக்குக் கோட்டிங்கில் 0.3 சதவீதம் என்று வைத்தால் 0.001 சதவீதத்துக்கும் கீழே. பரப்பில் குறைவது சில மடங்குதான், கோஸ்டில் குறைவது அந்த மடங்கின் வர்க்கம். வெறும் கண்ணாடிக்கும் பல அடுக்குக்கும் இடையே இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். எல்இடி விளக்கு மணமகளின் முகத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பிரகாசம் என்பதால் இந்தச் சின்னச் சின்ன சதவீதமெல்லாம் படத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தக் கோட்டிங் கண்ணாடிக்கு நிறம் அடிக்கும் பெயின்ட் அல்ல, அதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விழுந்தால் வானவில் மாதிரி நிறம் விரிகிறதே, அதே விஷயம்தான். மக்னீசியம் ஃப்ளோரைடு என்ற உப்பை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடி மேல் படிய வைப்பார்கள். தடிமன் சுமார் 100 நானோமீட்டர். மெல்லிய தலைமுடி ஒன்றை ஐந்நூறு கூறு போட்டால் ஒரு கூறு. படலத்தின் மேற்பரப்பில் திரும்பும் ஒளி அலையும் அடியில் கண்ணாடியில் திரும்பும் அலையும் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கும். திரும்ப முடியாத ஒளி நேராக உள்ளே போய்விடும். 100 நானோமீட்டரில் பச்சை ஒளிக்குத்தான் இது நன்றாக நடக்கும். சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிச்சமாகத் திரும்பும். அதனால்தான் பழைய லென்ஸின் முகம் ஊதாவாக மினுங்குகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1892-ல் இங்கிலாந்தில், லென்ஸ் வடிவமைப்பாளரான டென்னிஸ் டெய்லர், வருஷக்கணக்கில் காற்றுப் பட்டு மங்கிப்போன பழைய லென்ஸ்கள் புத்தம்புதிய லென்ஸைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். மங்கல் என்று எல்லோரும் துடைத்துப்போட்ட அந்தப் படலமே கண்ணாடியின் திரும்பலைக் குறைத்திருந்தது. அதைச் செயற்கையாக, ஒரே சீராகச் செய்யும் வழியை 1935-ல் ஜெர்மனியின் யேனா நகரில் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கொண்டுவந்தார். ராணுவக் கருவிகளுக்கு உதவும் என்பதால் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். போருக்குப் பிறகு ஒற்றை அடுக்கு எல்லாருக்கும் கிடைத்தது. பல அடுக்கு ஸ்டில் கேமரா லென்ஸ்களில் பரவலானது 1971-ல், டக்குமார் லென்ஸ்களைச் செய்த பென்டாக்ஸின் எஸ்எம்சி என்ற பல அடுக்குக் கோட்டிங் வந்த பிறகு. உங்கள் லென்ஸின் முன் வளையத்தில் "சூப்பர்-டக்குமார்" என்று மட்டும் இருப்பதால் அது அதற்கு முந்தைய ஒற்றை அடுக்கு. உங்கள் புது லென்ஸோடு அதை ஒப்பிடுவது இரண்டு தலைமுறைகளை ஒப்பிடுவது. எதிர்வெளிச்சத்தில் அது தோற்பது அதன் குற்றமில்லை.

சரி, வெளுத்தால் நிறம் ஏன் மாறுகிறது? ஒரு கணக்கு போடுவோம். மேடையில் வேட்டியின் வெள்ளை 1000 என்றும் மணமகளின் கூந்தல் 1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு ஒன்று. இப்போது பரவும் ஒளி எல்லா இடத்திலும் 10 சேர்க்கிறது. வெள்ளை 1010 ஆகிறது, யாருக்கும் தெரியாது. கூந்தல் 11 ஆகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்பது 92-க்கு ஒன்று ஆகிவிட்டது! வெறும் 1 சதவீதப் பரவலில் இவ்வளவு. அரக்குச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 200, பச்சை 20, நீலம் 20 என்று இருந்தது. ஒவ்வொன்றிலும் 30 சேர்ந்தால் 230, 50, 50. பத்துக்கு ஒன்றாக இருந்த சிவப்பு நாலரைக்கு ஒன்றாகிவிட்டது. அரக்கு, துவைத்துச் சாயம்போன சிவப்பாகத் தெரியும். கோட்டிங் நிறத்தைக் காப்பாற்றுகிறது என்பதன் அர்த்தம் இதுதான். அது நிறம் எதையும் சேர்ப்பதில்லை. வெள்ளை ஒளி வந்து கலக்காமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

கோட்டிங் தன் பங்குக்கும் கொஞ்சம் நிறத்தைச் சாய்க்கும், அது உண்மை. ஊதா திரும்புகிறது என்றால் அந்த அளவுக்கு ஊதா உள்ளே போகவில்லை. லென்ஸ் செய்கிறவர்கள் இதைத் தெரிந்து ஒரு பரப்புக்கு ஊதா மினுங்கும் தடிமனும் இன்னொன்றுக்கு ஆம்பர் மினுங்கும் தடிமனும் போட்டுச் சமன் செய்வார்கள். ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் இது பெரிய விஷயம். லென்ஸ் மாற்றினால் நிறம் மாறக்கூடாது. அதை அளக்க ஐஎஸ்ஓ 6728 என்று ஒரு தரக்குறிப்பே இருக்கிறது. டிஜிட்டலில் படம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் சாய்வை, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் எடுத்துவிடும். அதனால் சேலை கண்ணுக்குத் தெரியுமளவு மஞ்சளடிக்கிறது என்று நீங்கள் எழுதியதும் எனக்குக் கோட்டிங் மேல் சந்தேகம் வரவில்லை. கண்ணாடி மேல் வந்தது.

அந்தக் காலத்து 50 எம்எம் எஃப்/1.4 டக்குமார்களில், ஏழு கண்ணாடி உள்ளவற்றில், பின்பக்கக் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருப்பார்கள். ஒளியை நன்றாக வளைக்கும், நிறங்களை அதிகம் பிரிக்காது, அதற்காகச் சேர்த்தது. தோரியத்தின் கதிர்வீச்சு வருஷக்கணக்கில் அந்தக் கண்ணாடியையே பழுப்பாக்கிவிடும். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, முழுக்கத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். டீத்தண்ணி நிறம் தெரிந்தால் அதுதான். ஒயிட் பேலன்ஸ் இதையும் சரி செய்யும், ஆனால் நீல ஒளி குறைவாக வந்ததை அது ஈடுகட்ட வேண்டியிருப்பதால் மண்டப வெளிச்சத்தில் நீலத்தில் நாய்ஸ், அதாவது பொடிப்பொடிப் புள்ளிகள், ஏறும். பயப்பட வேண்டாம், கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதால் ஆபத்து ஒன்றுமில்லை. தலையணைக்கடியில் வைக்காதீர்கள், கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியாகப் பயன்படுத்தாதீர்கள். முக்கியமாக, அந்தக் கண்ணாடியை யாரும் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் வரும் தூள் மூச்சில் போகக்கூடாத தூள். பாலிஷ் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம், பாலிஷ் என்பது கோட்டிங்கை மட்டும் எடுப்பதில்லை. கண்ணாடியின் வளைவையே மாற்றிவிடும். மிகச் சின்ன மாற்றம்தான், ஆனால் லென்ஸ் வேலை செய்வதே அந்த அளவில்தான். மறுபடி முறையாகக் கோட்டிங் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு கண்ணாடியையும் கழற்றி வெற்றிட அறையில் வைக்க வேண்டும். ஒட்டிய கண்ணாடி அந்தச் சூட்டுக்குப் பிரிந்துபோகலாம். செலவு லென்ஸின் விலையைத் தாண்டிவிடும். தெருமுனைக் கடையில் இது நடக்காது. தேய்த்துத்தான் கொடுப்பார்கள்.

நானே ஒரு லென்ஸில் கோட்டிங்கை அழித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒருவர் கொண்டுவந்த பழைய லென்ஸின் முன்கண்ணாடியில் ஃபங்கஸ் படர்ந்திருந்தது, மரத்தின் கிளை மாதிரி. பொறுமையில்லாமல் அழுத்தித் துடைத்தேன். ஃபங்கஸோடு சேர்ந்து ஊதாவும் போனது. பழைய கோட்டிங்குகள் சில அவ்வளவு மென்மையானவை. மேஜை விளக்கில் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாகப் பளபளத்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அதில் ஒரு ரோல் ஃபிலிம் எடுத்துப் பார்த்தேன். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்த படங்களில் எந்த வித்தியாசமும் இல்லை. ஜன்னலுக்கு எதிராக எடுத்த இரண்டு படங்களில் மட்டும் லேசாக வெளுப்பு. லென்ஸின் சொந்தக்காரரிடம் நடந்ததைச் சொல்லிக் காசு வாங்காமல் கொடுத்தேன். அந்த ரோல் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்: 12 பரப்புகளில் ஒன்றில் கோட்டிங் போனால் லென்ஸ் செத்துவிடாது. ஒளியில் மூணு நாலு சதவீதம் குறையும், எதிர்வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுக்கும். நீங்கள் சொல்லும் அளவுக்குப் பால் ஊற்றாது.

அப்படியென்றால் உங்கள் பால் எங்கிருந்து வருகிறது? எனக்கு முதல் சந்தேகம் அந்த யூவி ஃபில்டர். இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பழைய ஃபில்டர்கள் பலவும் வெறும் தட்டையான கண்ணாடி, கோட்டிங் கிடையாது. ஃபிலிமைவிட டிஜிட்டல் சென்சாரின் முகம் பளபளப்பு. விளக்கின் பிம்பம் சென்சாரில் பட்டு, லென்ஸ் வழியாகவே திரும்பிப்போய், தட்டையான ஃபில்டரில் மோதி, மறுபடி உள்ளே வரும். தட்டைப் பரப்பு என்பதால் அது பரவாமல் சின்னதாக, கூர்மையாக, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விழும். உங்கள் எதிர் மூலைப் புள்ளியின் விவரம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. ராத்திரி தெருவிளக்கு ஒன்றை ஃபிரேமின் ஓரத்தில் வைத்து, கேமராவை மெல்ல நகர்த்துங்கள். விளக்கு இடப்பக்கம் போகும்போது புள்ளி வலப்பக்கம் ஓடினால், ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே படத்தை எடுங்கள். புள்ளி காணாமல் போனால் பாலிஷ் செலவு மிச்சம்.

அடுத்தது ஹேஸ், அதாவது லென்ஸுக்குள் படியும் மங்கல். அறையை இருட்டாக்கி, லென்ஸின் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். நேராகக் கண்ணில் விழாதபடி சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே பனி மூடிய கார் கண்ணாடி மாதிரி ஒரு படலம் தெரிந்தால் அது மசகு எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. கிளைகிளையாகத் தெரிந்தால் ஃபங்கஸ். எண்ணெய்ப் படலம் ஒன்றே போதும், எந்தக் கோட்டிங்கையும் தோற்கடிக்க. இதற்குத் தேவை பாலிஷ் இல்லை, கழற்றி நிதானமாகச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒரு கை. ஃபங்கஸ் மட்டும் நீண்ட நாள் இருந்தால் கோட்டிங்கை அரித்துத் தடம் விட்டிருக்கும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. அதோடு வாழ்ந்துகொள்ளலாம்.

கோட்டிங் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். டியூப்லைட்டுக்குக் கீழே நின்று லென்ஸை மெல்லச் சாயுங்கள். உள்ளே டியூப்லைட்டின் பிம்பங்கள் வரிசையாகத் தெரியும், சில நிமிர்ந்து, சில தலைகீழாக, சில பெரிதாக, சில கடுகளவு. ஒவ்வொன்றும் ஒரு பரப்பு. ஊதா, நீலம், ஆம்பர் என்று நிறத்தோடு தெரிந்தால் அந்தப் பரப்பில் கோட்டிங் இருக்கிறது. டியூப்லைட்டைப் போலவே வெள்ளையாக, பிரகாசமாக ஒன்று தெரிந்தால் அங்கே இல்லை. மிகவும் மங்கலாக ஒன்று தெரியும், அது ஒட்டிய இடம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்தப் பார்வைக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. நீங்கள் கொண்டுபோன கடையில் யாரும் இப்படிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

அடாப்டரையும் பாருங்கள். விலை குறைந்தவற்றில் உள்சுவர் வெறும் அலுமினியப் பளபளப்போடு இருக்கும். லென்ஸ் வட்டமாகக் கொண்டுவரும் ஒளியில் சென்சாருக்கு வெளியே விழுவது அந்தச் சுவரில் பட்டுச் சிதறும். உங்கள் கேமரா ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் உள்ளது என்றால் இன்னும் அதிகம். முடி உதிராத கறுப்பு வெல்வெட் தாளை உள்சுவரில் ஒட்டுங்கள், திருகு மரையிலும் சென்சார் பக்கமும் துரும்பு போகாமல். அதே கையோடு லென்ஸின் முகப்பில் மாட்டும் மறைப்பான ஹூட் ஒன்று வாங்குங்கள். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் விளக்கு லென்ஸில் விழாமல் தடுப்பதற்கு இணையான கோட்டிங் இன்றுவரை வரவில்லை. ஹூட் இல்லாத அவசரத்தில் உள்ளங்கை போதும்.

எஃப்/1.4-ல் எடுக்கும்போது முகத்தைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டம் வருமே, அது ஃப்ளேர் (பரவிய ஒளியால் வரும் வெளுப்பு) இல்லை, அந்த லென்ஸின் வடிவமைப்பு. எஃப்/2.8-க்கு மூடினால் போய்விடும்.

வெளுத்த படத்தை லைட்ரூம் மென்பொருளில் மங்கல் நீக்கும் டீஹேஸ் போட்டுச் சரிசெய்யலாமே என்றும் யோசிப்பீர்கள். படம் முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் ஓரளவு முடியும். ஆனால் பால் எப்போதும் ஒரு பக்கம் கெட்டியாகவும் ஒரு பக்கம் நீர்த்தும் இருக்கும். இழுத்துக் கறுப்பாக்கிய இடத்தில் நாய்ஸ் மேலே வரும், கோஸ்ட் அங்கேயே நிற்கும். முகூர்த்த நேரத்துக்கு, எதிரே எல்இடி சுவர் இருந்தால், தயங்காமல் புது லென்ஸை மாட்டுங்கள். திரும்ப எடுக்க முடியாத நேரம் அது. சித்தப்பாவின் லென்ஸை வீட்டுத் திண்ணையில், சாயங்கால வெளிச்சத்தில், பாட்டியின் முகத்துக்கு வையுங்கள். கோட்டிங் இல்லாத பழைய லென்ஸ்களைத் தேடி வாடகைக்கு எடுக்கிற ஒளிப்பதிவாளர்கள் இருக்கிறார்கள். அந்த மென்மைக்கு ஒரு மதிப்பு உண்டு, எங்கே வேண்டும் என்று நாம் முடிவு செய்கிற வரையில்.

மஞ்சளைப் போக்கும் வழியைச் சொல்லி முடிக்கிறேன். புற ஊதா ஒளி பட்டால் தோரியக் கண்ணாடியின் பழுப்பு மெல்ல இறங்கும். சின்ன யூவி எல்இடி விளக்கு ஒன்று வாங்கி, லென்ஸின் பின்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்து, அபெர்ச்சரைத் திறந்து, அடியில் அலுமினியத் தாளை முன்கண்ணாடியை ஒட்டினாற்போல விரித்து, மேலிருந்து அடியுங்கள். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். லென்ஸ் சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடானால் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அபெர்ச்சர் இதழில் ஏறும். மொட்டைமாடி வெயிலிலும் இது நடக்கும், ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு லென்ஸைத் தனியாக விட்டுவிட்டு வருவது தீக்குச்சியை விட்டுவிட்டு வருவது மாதிரி, பக்கத்தில் துணியோ காய்ந்த இலையோ இருந்தால் பற்றிக்கொள்ளும். அதனால் விளக்கே நல்லது. முதல் நாளே வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்தி. சில நாளுக்கு ஒருமுறை அதே தாள், அதே ஜன்னல், அதே நேரம். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களுக்கு இடையே வித்தியாசம் தெரியாமல் போகும் வரை, ஒன்றிரண்டு வாரம் ஆனாலும், விளக்கை அணைக்காதீர்கள். அப்புறம் ஃபில்டர் இல்லாமல், ஹூட்டோடு, அதே மண்டபத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். டார்ச் அடித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்.